ஏறுவதும் ஏற்றுவதும்: பாறையைப் பிழைப்பாக்கிக்கொள்ளலாமா?

பிப்ரவரி 11 (கேள்வி)

எட்டு ஆண்டுகளாகப் பாறை ஏறி வருகிறேன். லீட் ஏறுவதில், அதாவது கயிற்றைக் கீழிருந்து நானே கொண்டுபோய் மாட்டிக்கொண்டே ஏறுவதில், 5.11 என்ற கடினத் தரம் வரை வந்திருக்கிறேன். அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஆண்டில் ஆறு மாதம் வெளிப்புறக் கல்வி முகாம்களில் பயிற்றுநராக இருப்பது, மீதி ஆறு மாதம் பாறைகளைத் தேடிப் பயணம் செய்வது என்பது என் திட்டம். ஏறுவதற்கே சம்பளம் வாங்கும் வாழ்க்கை இதைவிட வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி வாழ்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12, காலை

பதினான்கு ஆண்டுகளாக இப்படித்தான் வாழ்கிறேன். ஏறுவதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தந்ததில்லை. பிறரை ஏற்றுவதற்குத் தந்திருக்கிறார்கள். தமிழில் ஒன்று தன்வினை, மற்றொன்று பிறவினை. உங்கள் திட்டத்தின் சிக்கல் முழுவதும் அந்த ஓர் எழுத்து வேறுபாட்டில் இருக்கிறது.

சென்ற பருவத்தில் எழுபத்தொரு நாள் வேலை செய்தேன். அவற்றில் நானே விரும்பிய வழியில், என் அளவுக்குச் சவாலாக ஏறிய நாட்கள் ஆறு. மற்ற நாட்களில் நான் நின்றது பாறையின் அடியில். மாணவர்கள் ஏறும் வழிகள் பெரும்பாலும் 5.4 முதல் 5.7 வரையிலான எளிய தரத்தவை, எல்லாமே டாப் ரோப், அதாவது கயிறு ஏற்கெனவே உச்சியில் மாட்டப்பட்டிருக்கும். உங்களுடைய 5.11 அங்கே எதற்கும் பயன்படாது. அங்கே தேவைப்படுவது, ஒரே நேரத்தில் மூன்று கயிறுகளையும், கீழே நின்று அவற்றைப் பிடித்து ஏறுபவரைக் காக்கும் மூன்று பிலே பிடிப்பவர்களின் வலக்கைகளையும், பாறையின் விளிம்பை நோக்கி விளையாட்டாக நகரும் நான்காவது சிறுவனையும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய கண். மற்றவர்கள் விழிப்பதற்கு முன் எழுந்து ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிணைப்பு) அமைப்பதில் தொடங்கும் நாள், வீட்டை நினைத்து அழும் ஒரு பிள்ளையின் கூடாரத்துக்கு வெளியே நள்ளிரவில் உட்கார்ந்திருப்பதில் முடியலாம். இடையில் ஹெல்மெட் வார்களைச் சரிசெய்வதும், குதிகால் கொப்புளங்களுக்குக் கட்டுப் போடுவதும், ஈரமான தூங்கும் பையை எப்படியாவது உலர்த்துவதும்தான் வேலை.

இதைச் சொல்லி உங்களைத் தடுக்க நினைக்கவில்லை. ஆனால் உங்கள் ஏற்றத்தை வளர்ப்பதற்காக இந்த வேலைக்கு வர நினைத்தால், முதல் பருவத்திலேயே கசந்துவிடும். இந்த வேலை உங்கள் ஏற்றத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு எதையும் கொடுக்காது.

பிப்ரவரி 12, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. எந்தப் பொறுப்பான நிறுவனமும் உங்கள் ஏற்றத் தரத்தைக் கேட்பதற்கு முன் முதலுதவிப் பயிற்சியைக் கேட்கும். மருத்துவமனை தொலைவில் இருக்கும் இடங்களுக்கென்றே உள்ள முதலுதவிப் பயிற்சி ஏறத்தாழ 70 முதல் 80 மணி நேரம் வரை நடக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை சமாளிப்பதைத் தாண்டி, உதவி வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகலாம் என்ற நிலையில் முறிந்த காலோடும் குளிரில் உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியவரோடும் என்ன செய்வது என்பதை அங்கே கற்றுத்தருவார்கள். வேலையை விடுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். அந்தப் பயிற்சியே உங்களுக்கு அலுப்பாகத் தோன்றினால், அதுவும் ஒரு பதில்தான்.

பிப்ரவரி 15

“அப்படியானால் ஏறத் தெரியாதவரே பயிற்றுநராக இருந்துவிடலாமே” என்று கேட்டிருந்தீர்கள். அப்படியில்லை. ஆனால் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏற்றத் திறமை ஏன் இரண்டாம் இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும்.

ஜெர்மானியக் கல்வியாளரான கர்ட் ஹான் 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில், கப்பல் நிறுவன உரிமையாளரான லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலம் அது. கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் தத்தளிக்கும்போது இளம் மாலுமிகள் மன உறுதி குலையாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் தொடக்க நோக்கம். கடலும் மலையும் அங்கே கருவிகளாக இருந்தன. கடைந்தெடுக்க விரும்பியது மனிதரை. பிறகு 1965-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பால் பெட்சோல்ட் என்பவர் நோல்ஸ் என்னும் வெளிப்புறத் தலைமைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் 1938-இல் கே2 மலைக்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் இருந்தவர், ஏறத் தெரிந்தவர்களில் முன்னணியில் நின்றவர். அப்படிப்பட்டவரே வெளியில் மக்களை அழைத்துச் செல்லும் தலைவர்களுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று கருதினார் என்பதை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. நன்றாக ஏறுவதும், பிறரைப் பத்திரமாக அழைத்துச் சென்று திரும்புவதும் இருவேறு திறமைகள் என்பதை அவரைப் போன்ற ஒருவர்தான் உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் பருவத்தில் வந்த ஒரு குழுவில், பதினைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பெண், “நான் ஏற மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அப்போது எனக்கு ஊக்கமளிப்பதென்றால் வற்புறுத்துவது என்றுதான் புரிந்திருந்தது. கயிறு உன்னைத் தாங்கும், இரண்டடி மட்டும் ஏறு, பிறகு இறங்கிவிடலாம் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினேன். அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. என்னோடு இருந்த மூத்த பயிற்றுநர் அருகில் வந்து, “எனக்குப் பிலே பிடிக்க ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா?” என்று அவளிடம் மட்டும் கேட்டார். அன்று மாலைவரை அவள் கயிறு பிடித்தாள். கண்ணை எடுக்கவில்லை, கயிற்றை நிறுத்தும் பிரேக் கையை ஒரு கணமும் தளர்த்தவில்லை. அவள் பிடித்த கயிற்றில் பதினொரு பேர் ஏறி இறங்கினார்கள். ஐந்து நாட்களில் அவள் ஒரு முறைகூடப் பாறையில் கால் வைக்கவில்லை. கடைசி நாளன்று, தங்கள் கயிற்றை யார் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, குழுவில் இருந்த ஒவ்வொருவரும் அவள் பெயரையே சொன்னார்கள்.

அந்த நாள்வரை உச்சியைத் தொட்டவர்களின் எண்ணிக்கையைத்தான் என் வேலையின் அளவாக நினைத்திருந்தேன். அவளை நான் பேசிப் பேசி மேலே ஏற்றியிருந்தால், என் கணக்கில் ஒன்று கூடியிருக்கும். அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 19

பயணப் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

பாறை ஏறுபவரின் பயண வரைபடத்தை வானிலை வரைகிறது. வெயிலில் சூடேறிய கல்லில் விரல்கள் வியர்த்து வழுக்கும், குளிர்ந்து உலர்ந்த காற்றில் பிடிமானம் கூடும் என்பதால் ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கான பருவம் உண்டு. கல்லின் வகையும் நடத்தையைத் தீர்மானிக்கும். பாரிசுக்குத் தெற்கே உள்ள ஃபோன்டென்ப்ளோ காட்டின் மணற்பாறைகள் மழைக்குப் பின் வலுவிழந்திருக்கும். மேற்பரப்பு காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருந்தால் பிடிகள் உடைந்துபோகும். அங்கே காத்திருப்பது ஏறுவதன் ஒரு பகுதி. தாய்லாந்தின் ரெய்லே கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகளில் கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் பதித்த, துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும் போல்ட்டுகளே கடல் உப்பால் உள்ளுக்குள் விரிசல்விட்டு முறிந்திருக்கின்றன. அதனால்தான் டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையிட்டுப் பதித்து வருகிறார்கள். அங்கே ஒரு வழியின் கடினத் தரத்தைக் கேட்பதற்கு முன், போல்ட் எந்த உலோகம், எப்போது போட்டது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள எல் கேப்பிடன் என்னும் பாறைச்சுவரை அடியிலிருந்து பார்த்தபோது, ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்று படித்து வைத்திருந்த எண் என் தலையிலிருந்து நழுவிவிட்டது. அந்தச் சுவரில் நகரும் புள்ளிகளை மனிதர்கள் என்று அடையாளம் காண எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

பயணத்தின் கடினமான பகுதி பாறையில் இல்லை. முந்தின நாள் மாலையில் முகாம் மைதானத்தில் அறிமுகமான ஒருவர் கையில் மறுநாள் காலை உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தனியாகப் பயணம் செய்பவருக்கு இதைத் தவிர வழியில்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் முறை எளியது: முதல் நாள் இருவருக்கும் மிக எளிதான வழியில்தான் ஏறுவேன். அவர் என் முடிச்சைப் பார்க்கிறாரா, நான் அவருடைய பிலே கருவியைப் பார்க்கும்போது எரிச்சல்படுகிறாரா, கயிற்றின் முனையில் முடிச்சிடுகிறாரா என்று கவனிப்பேன். சரிபார்க்கப்படுவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவரோடு, அவர் எவ்வளவு சிறந்த ஏறுநராக இருந்தாலும், இரண்டாம் நாள் நான் போனதில்லை. இதனால் பல நல்ல வழிகளை இழந்திருக்கிறேன். வருத்தமில்லை.

தனிமையும் உண்டு. பருவம் முழுவதும் இருபது பேரோடு ஒரே கூடார வட்டத்தில் வாழ்ந்துவிட்டு, முடிந்த மறுநாள் வண்டியில் தனியாக உட்காரும்போது காதில் ஓர் அமைதி இரைந்துகொண்டிருக்கும். அடுத்த ஊரில் மீண்டும் முதலிலிருந்து பெயர் சொல்லி அறிமுகமாக வேண்டும்.

பிப்ரவரி 20

ஆங்கரில் இரண்டு பிடிப்புப் புள்ளிகளிலிருந்து வரும் கால்களுக்கு (பட்டைகளுக்கு) இடையே கோணம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டவருக்கு: குறுகியிருப்பதே நல்லது. இரண்டு கால்களும் ஏறக்குறைய இணையாக இருந்தால் சுமையில் பாதிப் பாதியைத் தாங்கும். 60 டிகிரியில் ஒவ்வொன்றும் 58 சதவீதம், 90 டிகிரியில் 71 சதவீதம், 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டிவரும். அதாவது, சுமையைப் பங்கிடத்தான் இரண்டு புள்ளிகள் வைத்தோம் என்ற காரணமே 120 டிகிரியில் இல்லாமல் போய்விடுகிறது.

மாணவர்களுக்கு இந்த எண்களை நான் முதலில் சொல்வதில்லை. இருவரை எதிரெதிரே நிற்கவைத்து, ஒரு கயிற்றின் இரு முனைகளையும் பிடிக்கச்சொல்லி, நடுவில் ஒரு பையைத் தொங்கவிடுவேன். பிறகு மெதுவாக விலகிப் போகச் சொல்வேன். பை அதே பைதான்; ஆனால் விலக விலகத் தோள் நடுங்கத் தொடங்கும். கயிற்றை நேர்க்கோடாக்க அவர்களால் ஒருபோதும் முடியாது. கை உணர்ந்த பிறகு சொல்லும் எண் மறப்பதில்லை.

பிப்ரவரி 26

12-ஆம் தேதி நான் எழுதிய ஒரு வாக்கியம் இரண்டு வாரமாக என்னைத் தொந்தரவு செய்கிறது: இந்த வேலை உங்கள் ஏற்றத்துக்கு எதையும் கொடுக்காது என்று எழுதினேன். அது உண்மையில்லை, அதைத் திருத்த வேண்டும், அதற்கு நான் பலரிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் பருவம் முடிந்து, நண்பர் ஒருவரோடு பல கயிற்று நீளங்கள் கொண்ட ஒரு வழியை ஏறினோம். நல்ல நாள். உச்சியை அடைய எதிர்பார்த்ததைவிட நேரமாகிவிட்டது. ரேப்பல் செய்து, அதாவது மேலே உள்ள வளையத்தில் கயிற்றை நடுவாகக் கோத்து அதன் இரண்டு இழைகளிலும் வழுக்கி, இறங்கும்போது வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மூன்றாவது ரேப்பலில் நான் முதலில் இறங்கினேன். கயிற்றின் நடுக்குறி தேய்ந்து மங்கியிருந்ததால் கண்ணளவில் சரி என்று நினைத்துப் போட்டிருந்தேன். முனைகளில் முடிச்சு இடவில்லை. அந்தப் பருவத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களை, “முனையில் முடிச்சு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது” என்று உரக்கச் சொல்ல வைத்திருந்தவன் நான்.

பாதி இறங்கிய பிறகு, கீழே தெரிந்த திட்டில் நிற்கலாமா என்று பார்ப்பதற்காகத் தற்செயலாகக் குனிந்தேன். இரண்டு இழைகளில் ஒன்று என் பிரேக் கைக்குக் கீழே ஒரு முழம் தொலைவில் முடிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தால் அந்த முனை கருவிக்குள் புகுந்து வெளியேறியிருக்கும். பிறகு கயிறு முழுவதும் மேலே உள்ள வளையத்தின் வழியாக ஓடிவர, என்னைத் தாங்க எதுவும் இருந்திருக்காது. தொடையில் கயிற்றைச் சுற்றி இறுக்கி நின்றேன். கயிற்றை இறுகப் பற்றும் பிரூசிக் முடிச்சுப் போட்டு மேலே ஏறிக் கயிற்றைச் சமப்படுத்த நாற்பது நிமிடம் ஆனது. நண்பர் மேலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை.

1989-இல் பிரான்சின் பியூக்ஸ் பாறையில் அமெரிக்க ஏறுநர் லின் ஹில் கயிற்றை இடுப்புக் கச்சையில் கோத்துவிட்டு, முடிச்சை முடிக்காமல் காலணியை மாட்டப் போனார். வழியின் உச்சியில் இறங்குவதற்காகக் கயிற்றை நம்பிச் சாய்ந்தபோது 20 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். நான்கு ஆண்டு கழித்து, 1993-இல், எல் கேப்பிடனின் நோஸ் வழியை முதன்முதலாகக் கருவிகளின் உதவியில் தொங்காமல் ஏறியவரும் அவரேதான். உலகின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவருக்கு அது நேர்ந்தது திறமைக் குறைவால் இல்லை. முடிச்சு, அதைத் தொட்டுப் பார்த்தல், சொல்லிப் பார்த்தல் என்ற வரிசை நடுவில் அறுபட்டது, அவ்வளவுதான்.

எனக்கும் அதுவே நேர்ந்தது. வேலை செய்யும் நாட்களில் நான் ஒவ்வொரு சரிபார்ப்பையும் வாய்விட்டுச் சொல்வேன்: பக்கிள், முடிச்சு, காரபினர் கொக்கியின் பூட்டு, பிரேக் கை, முனை. மாணவர்களுக்காகச் சொல்வதாக நினைத்திருந்தேன். பருவம் முடிந்ததும் அந்தக் குரலைச் சீருடையோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டேன். ஓய்வு நாட்களில் அது எனக்குத் தேவையில்லை என்று ஏதோ ஒரு மூலையில் முடிவெடுத்திருக்கிறேன். இப்போது தனியாக இருக்கும்போதும் சொல்கிறேன். பக்கத்துக் கயிற்றில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஆகவே திருத்தம்: இந்த வேலை உங்கள் ஏற்றத்துக்கு ஒன்றைக் கொடுக்கும். நீங்கள் அதைக் கையோடு எடுத்துச் சென்றால்.

பிப்ரவரி 27

நண்பர் ஏன் கவனிக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பயிற்றுநர் என்பதால் அவர் சரிபார்க்கவில்லை. அதை அவரே சொன்னார். இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்: உங்களை நம்பி மற்றவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மார்ச் 3

உடலையும் பிழைப்பையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

விரல் எலும்போடு தசைநாணைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்வளையங்களில் ஏ2 என்று அழைக்கப்படுவது ஏறுபவர்களுக்கு அடிக்கடி காயமாகும் இடம். தசை சில மாதங்களில் வலுப்பெறும். தசைநாணும் நார்வளையமும் அதைவிட மெதுவாகவே பழகும். வேலைப் பருவத்தில் சுமை தூக்கியதால் தோளும் முதுகும் வலுத்திருக்க, விரல்கள் பல மாதம் கடினமான பிடிகளையே தொடாமல் இருந்திருக்க, பருவம் முடிந்த முதல் வாரத்திலேயே பழைய தரத்தை எட்ட முயன்று மோதிர விரலில் காயம்பட்டுக்கொண்டேன். நான்கு மாதம் போயிற்று. இப்போது முதல் மூன்று வாரம் எளிய வழிகளிலேயே ஏறுகிறேன். முழங்கால் தனிக்கதை; அது பாறையில் தேய்வதில்லை, பொதியோடு இறங்கும் சரிவுகளில் தேய்கிறது.

பிழைப்பு: ஒப்பந்தம் பருவத்துக்குப் பருவம்தான். அடுத்த ஆண்டு கூப்பிடுவார்களா என்பது அந்த ஆண்டு வந்த பிறகே தெரியும். ஒரு நிறுவனத்தில் இடி கேட்கத் தொடங்கிய பின்னும், பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களுக்காக இன்னும் ஒரு சுற்று ஏற்றிவிடலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். இடி காதில் விழுகிறதென்றால் மின்னல் தாக்கக்கூடிய தொலைவில் இருக்கிறோம் என்று பொருள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பாடம். நான் எல்லோரையும் இறக்கிக் கீழே அழைத்துச் சென்றேன். அன்று மின்னல் எங்கும் விழவில்லை. மழைகூடச் சரியாகப் பெய்யவில்லை. மறு பருவம் எனக்கு அழைப்பு வரவில்லை. அந்த இறக்கத்தை இன்றும் சரியென்றே கருதுகிறேன். ஆனால் அந்த ஆண்டு வாடகைக்கு அலைந்தது உண்மை, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 4

குழுக்களை அழைத்துச் செல்வதால் பாறைக்கு நேரும் சேதத்தைப் பற்றி எழுதாமல் விட்டது தவறு. ஒரு காலத்தில் பிட்டான் என்னும் எஃகு ஆணிகளை அடித்து ஏறினார்கள். அடிப்பதும் பிடுங்குவதுமாக யோசெமிட்டியின் விரிசல்கள் சிதைந்தன. அந்த ஆணிகளைச் செய்து விற்றுவந்த இவான் ஷுனார்டே 1972-இல் டாம் ஃப்ராஸ்டோடு சேர்ந்து, சுத்தியல் இல்லாமல் விரிசலில் செருகி எடுக்கும் நட்டுகளுக்கு மாறுமாறு ஏறுநர்களைக் கேட்டுக்கொண்டார். தன் விற்பனையின் பெரும்பகுதியைத் தானே வேண்டாம் என்று சொன்ன செயல் அது.

எங்கள் தொழிலின் ஆணி வேறு: பன்னிரண்டு ஜோடிக் கால்கள். ஒரே பாறையின் அடியில் பருவம் முழுவதும் நின்றதால் மண் இறுகி, வேர்கள் வெளியே வந்து, ஆங்கருக்கு நாங்கள் நம்பியிருந்த மரம் ஒன்று நான்காம் ஆண்டு பட்டுப்போனது. அதன் கிளைகளில் இலை குறைந்துவருவதை நான் பார்த்திருந்தேன். இடம் மாற்றியிருக்க வேண்டும். வசதியான இடம் என்பதால் மாற்றவில்லை.

மார்ச் 10

வேலையை உடனே விடவில்லை, வரும் பருவத்தில் விடுப்பெடுத்து மூன்று வாரம் உதவிப் பயிற்றுநராகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மகிழ்ச்சி. போகும் இடத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? விபத்தாக மாறாமல் தப்பிய நிகழ்வுகளை எழுதி வைக்கும் பதிவேடு உண்டா, அதைப் புதியவர்கள் படிக்கலாமா? திரும்பிவிடலாம் என்று களத்தில் இருப்பவர் முடிவெடுத்தால் அதை அலுவலகத்தில் இருப்பவர் மாற்ற முடியுமா? இரண்டாவது கேள்விக்கு “எங்களிடம் அப்படி எதுவும் நடந்ததில்லை” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் வாரத்தில் ஆங்கர் அமைக்கும் வேலையைக் கேட்டு வாங்காதீர்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாறையின் அடியில், பிலே பிடிக்கும் மாணவர்களுக்குப் பின்னால், கயிற்றின் உதிரி நீளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இடத்தைக் கேளுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஏறுபவர் தெரியமாட்டார். கைகள் மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் அந்தக் கைகளையே பார்த்த பிறகும் மறுநாள் காலை அங்கே போய் நிற்க விருப்பம் இருந்தால், எனக்கு எழுதுங்கள்.